சிரட்டைக்கு வைத்த வால்

பசுமலையில் டீச்சரம்மா வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் அருங்காட்சியகம். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் பாம்பன் தீவில் வாத்தியாராக இருந்தபோது, மீனவக் குடும்பங்கள் வேண்டாமென்று போட்ட சாமான்களையெல்லாம் சேர்த்து வைத்தவர். அவர் காலமான பிறகு அவற்றைத் துடைத்து, சீட்டு எழுதி அடுக்கியது டீச்சரம்மாவும் நானும்தான். இருவருமே கண்மாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த மதுரைக்காரர்கள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. பேசச் சொன்னால் எனக்குச் சோறே வேண்டாம்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். தீவிலிருந்து ஆனையூருக்கு, மகன் வீட்டோடு வந்துவிட்டவர். கைப்பையில் அவருடைய அம்மா புழங்கிய தேங்காய்ச் சிரட்டை. மருமகள் இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டாளாம். இரண்டு முறையும் இவர் போய் எடுத்து வந்திருக்கிறார். இங்கே கொடுத்துவிடலாமா என்று பார்க்கத்தான் வந்தார்.

"இதே மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருக்குக்கா" என்று பெருமையாக அலமாரியைக் காட்டினேன். 'கஞ்சி ஊற்றும் அகப்பை' என்று சீட்டு.

அக்கா சிரித்த சிரிப்பில் டீச்சரம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"யாருண்ணே இதுக்கு வாலு வச்சது?" என்று கேட்டார் அக்கா.

நான்தான். கைப்பிடி தொலைந்து போயிருக்கும் என்று நினைத்து, இரண்டு ஓட்டை போட்டு மூங்கில் குச்சியைச் செருகியிருந்தேன்.

"கஞ்சி ஊத்தவாம்! மணல்ல ஊத்து தோண்டி நல்ல தண்ணி மொள்ளுற செரட்டைண்ணே இது. கையாலதான் மொள்ளணும். அடியில தட்டுனா கலங்கிரும்ல. எம்புட்டு ஆழம்னு கைக்குத்தான தெரியும்?"

தன் சிரட்டையை எடுத்து ஒரு பக்க விளிம்பைக் காட்டினார். மணல் உரசி உரசி வெற்றிலை போல மெலிந்திருந்தது. காட்டிவிட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"இதுக்கும் ஓட்டை போட்டுருவீக. நான் வாரேன்."

அந்தச் சிரட்டை மறுபடியும் குப்பைக்கூடைக்குப் போவதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

"போகாதீகக்கா. சீட்ட நீங்களே எழுதிருங்க" என்று பேனாவை நீட்டினேன்.

"எழுதிக் குடும்மா" என்றார் டீச்சரம்மா. "இவரு ரெண்டு வருசமா ஊரையே கஞ்சி குடிக்க வச்சிருக்காரு."

அக்கா வாசலில் நின்று யோசித்தார். திரும்பி வந்து, 'எங்கம்மா தண்ணி மொண்டது' என்று எழுதினார். அவ்வளவுதான். சிரட்டையை அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

"ஊத்தோரம் இப்படித்தான் வைப்போம். அடுத்தாளு எடுக்கையில உள்ள மண்ணு இருக்கக் கூடாதுல்ல."

வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பாருங்கள், பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள் என்கிறேன்.