கார்க் கதவுக்கு வைத்த பொட்டு

மழை விட்ட காலையில் என் கார்க் கதவைத் திறந்தேன். கதவுக்குள் சளப்பென்று தண்ணீர் ஆடியது. நனைந்த கம்பளத்தின் நாற்றம் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நேராகத் தொண்ணூறுகளின் மயிலாப்பூருக்குப் போய்விட்டேன்.

அப்பாவின் பழைய காரிலும் இதே சளப்பு, இதே நாற்றம். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அவளை இந்தக் காரில்தான் புக்ககத்துக்கு அனுப்புவேன் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்த மெக்கானிக் கதவை ஆட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், உள்ள கொளம் வெட்டி வச்சிக்கீறீங்களா?”

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் கம்பியை விட்டார். காய்ந்த சந்தனம் கட்டிகட்டியாக உதிர்ந்தது. பின்னாலேயே துரு கரைந்த செந்நிறத் தண்ணீர் கொட்டியது.

வருடாவருடம் ஆயுத பூஜையன்று காருக்குப் பொட்டு வைப்பது என் வேலை. பக்தி முற்றிப்போய், கண்ணில் பட்ட ஓட்டைக்கெல்லாம் வைத்திருந்தேன்.

“போறுமாடா, இன்னும் கொஞ்சம் அப்பறயா?” என்றார் அப்பா.

மெக்கானிக் கதவின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

“அடித் தகடும் இப்டிதான் கீது. தேறாது சார்.”

அக்கா டாக்ஸியில் போனாள். அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா சாமி முன்னால் தன் பஸ் பாஸை வைத்தார். பொட்டையும் அவரே வைத்தார்.

இன்று நானும் குனிந்து கம்பியை விட்டுப் பார்த்தேன். துரு மட்டும்தான் உதிர்ந்தது. பழியைப் போடத் துளிச் சந்தனம்கூட இல்லை.