துவாயால் மூடிய மடிக்கணினி

மடிக்கணினியின் சூடு கையில் பட்டும் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியது. உப்புக் காற்றில் பழுதாகிவிடும் என்று பயந்து, பழைய மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, முகம் துடைக்கும் துவாயால் விசைப்பலகை மட்டும் தெரியச் சுற்றியபடியே வேலை செய்வேன். பக்கத்தில் என் எட்டு மாத மகள் தூங்குவாள். கணினி அடிக்கடி அப்படியே நின்றுவிடும். வைரஸாக இருக்கும் என்று நினைத்து, அணைத்து அணைத்துப் போடுவேன்.

ஒருநாள் அதன் அடிப்பக்கம் புடைத்திருந்தது. கிண்ணியாவில் கணினி திருத்தும், அண்ணன் முறையில் ‘நானா’ என்று நான் கூப்பிடும் பழக்கமானவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“தங்கச்சி, புள்ள எங்க?”

“பக்கத்தில படுத்திருக்கிறா, நானா.”

“முதல்ல புள்ளயத் தூக்கிட்டு வெளிய போங்க! பற்றரி வீங்கிட்டுது. எப்ப தீப்பத்துமெண்டு சொல்ல ஏலாது.”

முற்றத்தில் மகளை அணைத்தபடி நின்றேன். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வீங்கிய மின்கலத்தைக் கவனமாகக் கழற்றினார்.

“கணினிக்குப் போர்வை போட்டா அது எப்பிடி மூச்சு விடும், தங்கச்சி?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கப்பலில் வேலை செய்யும் கணவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நடுக்கடலில் கலங்கிப்போவார். மகளை ஆபத்தின் பக்கத்தில் நானே படுக்க வைத்ததை மறைக்கவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்? வாசகர்களே, தயவுசெய்து எழுதுங்கள்.