பட்டுக் கவுண்டரில் சரிந்த இமை

பட்டுப்புடவை விற்பவனுக்குப் புடவை அப்புறம்தான். கண், வாய், கை மூன்றும்தான் முதல் சரக்கு. கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டே அந்தச் சரக்கை விற்றவன் நான். போன வருடம் மூன்றும் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணின. நாள் முழுக்க நின்று பிழைப்பவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

கண்ணடித்த குற்றம்

சாயங்காலமானால் என் இடது இமை தானாகச் சரிந்துவிடும். கடைசி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கொடுமுடியிலிருந்து வந்த அம்மா ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். மடியிலிருந்த புடவையைத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க தம்பி, நான் பேரன் பேத்தி எடுத்தவளுங்க. கண்ணடிக்கறதை வேற எங்காச்சும் வெச்சுக்குங்க."

மரியாதை கூடிப்போன கதை

விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் குடோனுக்கு மாற்றிவிடுவேன் என்றார். நான்கு ஆளோடு பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குடோனில் அட்டைப்பெட்டியோடா பேசுவது? வாயை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், ஏழு மணிக்கு மேல் குரலும் மூக்குக்குள் போய்விட்டது. எதைச் சொன்னாலும் 'ங்க... ங்க...' என்றே வந்தது. வேறு ஊராக இருந்தால் விரட்டியிருப்பார்கள். சூலூர்க் குடும்பம் ஒன்று நெகிழ்ந்துபோய் நான்கு புடவை எடுத்தது.

"எத்தனையோ கடை ஏறி எறங்கியாச்சுங்க, இத்தனை மருவாதி எங்கயும் பாக்கலீங்க."

உள்ளே ஒரு வாட்ச்மேன்

கை தூக்க முடியாமல் புடவை நழுவிய பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் என் இமைமேல் ஐஸ் பையை வைத்தார்; இரண்டு நிமிடத்தில் கண் திறந்துகொண்டது. ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். நரம்பு அனுப்பும் உத்தரவை வாங்கிக்கொள்ளத் தசையில் ஏற்பிகள் உண்டாம். கிருமியோடு மல்லுக்கு நிற்கவேண்டிய என் வெள்ளணுக்களே அவற்றை எதிரி என்று நினைத்து, எதிர்பொருளை ஏவி அடைக்கின்றனவாம், அழிக்கின்றனவாம். அதனால்தான் வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துபோகிறது. பக்கத்துக் கவுண்டர் மேரியிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப உங்க ஊட்டு வாட்ச்மேன் திருடனை உட்டுப்போட்டு, உங்க சொந்தக்காரங்களையே தொரத்தறான்னு சொல்லுங்கண்ணா."

நாற்காலி

மாத்திரையில் கண் திறந்தது. ஆனால் நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அந்தச் சீட்டை நீட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, குடோன் உறுதி. மேனேஜர் படித்தார். தன் நாற்காலியைத் தூக்கி வந்து பட்டுக் கவுண்டரில் போட்டார்.

"பொடவை விரிக்க ஆளா இல்லீங்க? பொண்ணோட அம்மாளைச் சம்மதிக்க வெக்கறதுக்குத்தான் ஆளில்லை. உக்காருங்க."

பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அத்தை என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிடுகிறேன். உள்ளே இருக்கும் வெள்ளணுப் பார்ட்டியிடம்தான், "ஏனுங்க, நான் உங்க ஆளுங்க" என்று மாத்திரையும் கையுமாகத் தினமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.