நாற்பதடி உயரத்தில் தம்பி

வீட்டில் அவன் தம்பி, வெளியே டாக்டர். மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? போனில் கூப்பிடுகிறவர்களும் அந்தப் பாணியில்தான் பேசுவார்கள்.

"டாக்டரா? எங்க வீட்டு நோயாளி பக்கத்து வீட்டுக் கூரை மேல சாஞ்சு படுத்துட்டாரு. கொஞ்சம் வந்து பாருங்க."

அவனும் சிரிக்காமல் கேட்பான். "எத்தனை நாளா இப்படி? இலை கொட்டுதா? அடியில காளான் ஏதாவது முளைச்சிருக்கா?"

தொடக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கிளை வெட்டும் வேலைதான் பார்த்தான். ஒரு நாள் நல்ல மரம் ஒன்றின் தலையை மொட்டையடிக்கச் சொன்னார்கள். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். "உயிரோட இருக்கறத எப்படிக்கா அப்படி வெட்டறது?" என்றான். அக்கா பழைய ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, கயிறு வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தாள். சொந்தத் தொழில் அந்தப் பையில்தான் தொடங்கியது. பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது ஒரு வேன் இருக்கிறது. அதன் பின்பக்கம்தான் அலுவலகம். பெரிய செயின் ரம்பம் ஒரு மூலையில். ஒரு கையால் பிடிக்கிற சின்ன ரம்பம் மறு மூலையில். கதவில் ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பட்டை, உறையோடு ஒரு வளைந்த கைரம்பம். அப்புறம், ஈயக்குண்டு நிரப்பிய உள்ளங்கையளவு மூட்டை. அதை மெல்லிய நூல்கயிற்றில் கட்டி உயரக் கிளைக்கு மேலே வீசுவான். மூட்டை மறுபக்கம் இறங்கியதும் அந்த நூலைக் கொண்டே பெரிய கயிற்றை மேலே இழுத்துக்கொள்வான். மூன்று வீச்சில் விழவில்லையென்றால் கூட்டாளி கீழேயிருந்து கேலி பண்ணுவான். கூட்டாளிக்குப் பேர் நங்கூரம். வெட்டிய கிளையைக் கயிற்றில் பிடித்து மெல்ல இறக்குகிறவன். நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டான்.

ரம்பங்களுக்குத் தம்பி பொறுப்பு, கயிறுகளுக்கு அக்கா. அவள் எட்டாவது வரை படித்தவள், தையல்காரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுத் தரையில் உட்காருவாள். நாற்பத்தைந்து மீட்டர் கயிறும் அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊர்ந்து போகும். கண்ணை மூடிக்கொள்வாள். எங்கேயாவது தட்டையாகவோ மெத்தென்றோ பட்டால் அங்கேயே நிறுத்துவாள். சரியாக இருந்தால் முனையில் ஒரு பச்சை நூல் தைப்பாள். பச்சை நூல் இல்லாத கயிறு எந்த மரத்திலும் ஏறாது.

அப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தவறு செய்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒரு கிளை பட்டுப்போனதும் நிர்வாகம் மொத்த மரத்தையும் எடுத்துவிடத் தீர்மானித்தது. தம்பி நான்கு தடவை போய்ப் பேசினான். "கால்ல ஒரு விரல் கெட்டா ஆளையே புதைச்சிடுவீங்களா சார்?" என்று கேட்டானாம். கடைசியில் சம்மதம் கிடைத்தது. அந்த ஒரு கிளை மட்டும், அவர்கள் எல்லோரும் பார்க்க.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கயிறு நெடுக, போன வாரம் ஏறிய பலாமரத்துப் பாலின் பழுப்புக் கறை. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் நிற்கிற இடத்தில் தம்பி அழுக்குக் கயிற்றில் தொங்குவதா? மென்மையான சோப்பு மட்டும் என்று கயிற்றோடு வந்த தாளை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தவளே அவள்தான். இருந்தும், வெள்ளைச் சட்டைகளுக்குப் போடுகிற வெளுப்பு மருந்தைப் பக்கெட்டில் தாராளமாக ஊற்றி, கயிற்றை இரண்டு மணி நேரம் ஊற வைத்தாள். மருந்தை வீணாக்குவானேன் என்று, ஒரு கவுனுக்கு வைத்திருந்த நைலான் லேசையும் அதிலேயே போட்டாள். அப்புறம் நன்றாக அலசிக் காய வைத்தாள். கயிறு முல்லைப்பூ மாதிரி வெளுத்திருந்தது. தடவிப் பார்த்தாள், குறை தெரியவில்லை. பச்சை நூல் தைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. தம்பி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா அந்த லேசைக் கவுன் விளிம்பில் வைத்து, சுருக்கம் போக லேசாக இழுத்தாள். லேஸ் ஈரக் காகிதம் போலக் கையோடு வந்தது. இன்னொரு இடத்தில் இழுத்தாள். அங்கேயும் வந்தது.

அவள் கால் மெஷின் மிதியிலேயே உறைந்துவிட்டது. கயிறும் நைலான்தான்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரம் ஏறும்போது இரண்டு பேர் போனும் வேனில்தான் கிடக்கும். செருப்பு மாட்டினோமா என்றுகூடப் பார்க்காமல் தெருவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி நாலு நிறுத்தம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்றது.

"டேப்ப வச்சு யாரை அளக்கப் போறீங்கம்மா?" என்று கண்டக்டர் கேட்டபோதுதான் கழுத்தில் டேப் தொங்குவது தெரிந்தது.

வாசலில் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நர்சுகள், காவலாளி, இரண்டு மூன்று வெள்ளைக் கோட்டுகள். மேலே, நாற்பதடி உயரத்தில், தம்பி. அந்த வெள்ளைக் கயிற்றில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தபடி கிளையை அறுத்துக்கொண்டிருந்தான்.

கத்தினால் திடுக்கிடுவான். அவள் நங்கூரத்தின் காதோரம் போய்ச் சொன்னாள். அவன் முகம் வெளிறியது. மறு பேச்சில்லாமல் விசிலை இரண்டு தடவை ஊதினான். ரம்பம் நின்றது.

"என்னக்கா, சாப்பாட்டை மறந்துட்டேனா?" மேலேயிருந்து சிரிப்போடு குரல் வந்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் தயங்கினாள். ஒரே ஒரு கணம்தான்.

"கயித்த நான் கெடுத்துட்டேன்டா. வெளுக்கற மருந்துல ஊற வச்சுட்டேன். அதை நம்பாத."

சிரிப்பு நின்றது. அவன் குதிக்கவில்லை, திட்டவில்லை. இடுப்பிலிருந்த குட்டைக் கயிற்றைத் தண்டைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினான். கிளை பிரிகிற கவட்டையில் காலை ஊன்றினான். அதற்கப்புறம்தான் வெள்ளைக் கயிற்றிலிருந்து பாரத்தை எடுத்தான்.

"எவ்வளவு நேரம் ஊறிச்சு?"

"ரெண்டு மணி."

"சரி. அழாத. மேலேருந்து நல்லாத் தெரியுது."

பைக்குள்ளிருந்து மெல்லிய நூல்கயிற்றை இறக்கினான். வேனில் பிரிக்காத புதுக் கயிறு ஒன்று இருந்தது. நங்கூரம் உறையைக் கிழித்து முனையைக் கட்டப் போனான்.

"இருடா," என்றான் தம்பி. "அக்கா பாத்துட்டுக் கொடுக்கட்டும்."

"நானா?" என்றாள் அவள். "என் கையை இன்னுமா நம்பற?"

"உன் கைக்கு என்ன வந்துச்சு? மருந்து ஊத்தினது உன் ஆசை. நீ தடவிப் பாக்காத கயித்துல நான் இறங்கறதில்ல. கால் மரத்துப் போகுது, ஆரம்பி."

அவள் ஆஸ்பத்திரித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு மீட்டரை இரண்டு தடவை தடவினாள். கண்ணை மூடினாள். அதன் பிறகு கூட்டமும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. கயிறு மட்டும் இருந்தது. கவட்டையில் கால் வலிக்க நிற்கிறானே என்று அவசரப்படவும் இல்லை. அவசரப்பட்டால் அவனுக்கே பிடிக்காது. இருபது, முப்பது, நாற்பத்தைந்து.

"நல்லா இருக்கு," என்றாள். கயிறு மேலே போனது.

அவன் அதில் வழுக்கி இறங்கி, அவள் முன்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான். முடியெல்லாம் மரத்தூள். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள், பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணது நீ, அடி எனக்கா?"

"பேசாதடா."

நங்கூரம் வெள்ளைக் கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். "டாக்டர், வேன்ல கட்டி இழுத்துப் பாத்துருவோமா? அறுந்து போகுதா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

அக்காவுக்கும் அது தெரிய வேண்டும் போலிருந்தது. தம்பி தலையாட்டினான், வேண்டாம் என்று.

"அறுந்தா அக்கா இனிமே தூங்க மாட்டா. அறுந்து போகலைன்னா, அடுத்த தடவை இப்படி ஓடி வந்து சொல்ல மாட்டா. ரெண்டும் எனக்கு வேணாம்."

கைரம்பத்தை எடுத்து, யாரும் மறந்துபோய்க்கூட எடுத்து மாட்ட முடியாதபடி, கயிற்றை ஒரு முழத் துண்டுகளாக அறுத்துப் போட்டான். பிறகு பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். கிளை பாதி அறுபட்டு நின்றது.

"அதை அப்படியே விட்டா தோலைக் கிழிச்சுக்கிட்டு விழும். முடிச்சுட்டு வந்துடறேன். நீ வீட்டுக்குப் போக்கா. நீதான் நான் ஏறறதப் பாக்கவே மாட்டியே, பயம்னு."

அது உண்மைதான். பதினெட்டு வருடத்தில் அவள் கயிற்றைப் பார்த்திருக்கிறாள், அவன் ஏறுவதைப் பார்த்ததில்லை.

"இன்னைக்குப் பாக்கறேன். நீ போ," என்றாள்.

அவன் ஏறினான். கிளையின் அடிப்பக்கம் ஒரு கீறல், மேலே ஒரு வெட்டு. தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப் போலத் தடித்திருந்த பகுதியைத் தொடாமல், அதற்கு ஒரு விரற்கடை வெளியே ரம்பத்தை வைத்தான். அங்கே விட்டால்தான் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். ஓரத் தையலுக்கு அவள் துணி விடுகிற அளவுதான் அதுவும். அடடா, எவ்வளவு சுத்தமாகச் செய்கிறான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

நங்கூரம் கயிற்றைத் தளர்த்தத் தளர்த்த, பட்ட கிளை காற்றில் அரை வட்டம் சுற்றி, வாசல் விளக்கைக்கூட உரசாமல், தரையில் வந்து படுத்தது.