மூன்று இன்டர்வியூவைத் தின்ற அடாப்டர்

இன்று காலை என் மூன்றாவது ஆன்லைன் இன்டர்வியூவும் பாதியில் அறுந்தது. கரன்ட் இருந்தும் மோடம் அணைந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுவதால் வோல்டேஜ் குறைகிறது என்றே நினைத்திருந்தேன்.

நெட்காரர் வந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். “அக்கா, இது நாங்க குடுத்த அடாப்டர் இல்ல. மோடத்துக்கு ரெண்டு ஆம்ப் வேணும், இது அரை ஆம்ப். வீடியோ ஓடுனா பவர் பத்தாம அணைஞ்சிரும்.”

பழைய அடாப்டர் என் கணவரின் பீரோவில் இருந்தது.

“நாந்தான் மாத்துனேன். வேலை கெடச்சா சென்னைக்குப் போயிருவ. பிள்ளைய யாரு பாக்கது?” என்று சிரித்தார்.

நான் சண்டை போடவில்லை. அடாப்டரை மாற்றினேன், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். புது பாஸ்வேர்டை இதுவரை ஐந்து முறை கேட்டுவிட்டார்.

எத்தனை இன்டர்வியூ கழித்துச் சொல்லலாம்?