கரடிக்கும் பெங்குவினுக்கும் நடுவே வெயில்

ஒரே விளக்கத்தை நாள் முழுக்கச் சொல்லிப் பிழைப்பவனுக்குத் தொண்டைக்கு முன்னால் தேய்வது பொறுமை. கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லியே வாழும் சக பாவிகளுக்கு இது தெரியும். நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், முட்டுக்காடு பக்கம் ஒரு பனி அரங்கில் விளக்கம் சொல்பவனாகச் சேர்ந்தேன். வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலை கொதிக்கும். உள்ளே பல் தந்தியடிக்கும்.

வாய் பேசாத ஜோடி

அரங்கில் பனிக்கரடி வேஷம் போடுபவர் பாபு. பெங்குவின், அவர் மனைவி கௌரி. கருங்குழிக்காரர்கள். முன்பு பாபு சிறுசேரிக் கம்பெனிகளுக்கு இரவில் கார் ஓட்டினார்; கௌரிக்குப் பகலில் துணிக்கடை. ஒரே நேரத்தில் வேலை, ஒரே பஸ்ஸில் வீடு என்பதற்காகவே இருவரும் இங்கே வந்தார்கள்.

வேஷத்தில் இருக்கும்போது பேசக்கூடாது, தலையைக் கழற்றக்கூடாது. கைகோத்து ஆடலாம். நாள் முழுக்கப் பேசாமல் எப்படி என்று கௌரியிடம் கேட்டேன்.

"மூஞ்சி தெரியாட்டி இன்னா சார், அம்மாம்பெரிய கையொறைக்குள்ளயும் அவரு கை எனக்குத் தெரியும்."

டீச்சரின் புகார்

செங்கல்பட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர் ஒருவர், கரடியும் பெங்குவினும் கைகோத்து நிற்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார். கரடி வடதுருவத்துக் கடல்பனியில் சீல் வேட்டையாடுவது. பெங்குவின் பூமியின் தெற்குப் பாதியைச் சேர்ந்தது. நடுவில் இருக்கும் வெப்பக் கடல்களை இரண்டாலும் தாண்ட முடியாது, அதனால் அவை சந்திப்பதே இல்லை என்றார். ஒரு வார்த்தையும் தப்பில்லை. நான் தினமும் சொல்வதுதான்.

மேனேஜர் அன்றே முடிவெடுத்தார். காலையில் கரடி மட்டும், பிற்பகலில் பெங்குவின் மட்டும். சேர்ந்தே நிற்கட்டும், ஜனங்களுக்கு நான் விளக்கிச் சொல்லிக்கொள்கிறேன் என்று மன்றாடிப் பார்த்தேன்.

"பேப்பர்ல இருந்தவரு சார் நீங்க, நீங்களே தப்புக்கு வக்காலத்து வாங்கலாமா?"

ஒற்றைக் கரடி

விடியுமுன் கருங்குழியிலிருந்து கிளம்பினால்தான் காலை ஷிப்டுக்கு வந்துசேர முடியும். கௌரி வேலை முடித்து வீடு சேரும்போது பாபு தூங்கிப்போயிருப்பார். எழுப்ப அவளுக்கு மனசு வராது; காலையில் அவருக்கும் அப்படியே. ரசம் இருக்கிறது, பால் வாங்கவில்லை என்று செல்போனில் குரல் பதிந்து அனுப்பியே குடித்தனம் நடந்தது.

கரடி தனியாக ஆடியது. ஆட்டத்தின் நடுவில் அதன் வலக்கை பழக்கத்தில் பக்கவாட்டில் நீளும். பிடிக்க ஆளில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கும். முன்பே ஒருமுறை வந்திருந்த கோவளத்து மீனவர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு அருகில் போனார். பதில் சொல்லக்கூடாத கரடியிடம் கேட்டார்.

"இன்னா மச்சான், உன் ஆளு இன்னிக்கு வரலியா?"

பஸ் ஸ்டாப்

கொஞ்ச நாளில் கௌரி ஒரு பஸ் முன்னதாகவே வர ஆரம்பித்தாள். பாபு தன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். வேலை நேரமில்லாதவர்கள் அரங்குக்குள் இருக்கக்கூடாது. ஆகவே எதிர்ப்புறத்தில், நிழலே இல்லாத பஸ் ஸ்டாப்பில், உச்சி வெயிலில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிடுவார்கள். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

டீ குடிக்கப் போன நான், இப்படிக் காய்ந்து கருகணுமா, தள்ளிப் போனால் மர நிழல் இருக்கிறதே என்றேன். அங்கே போய்வரும் நேரம் வீண் என்றாள் கௌரி. பாபு கடைசிக் கவளத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"நடுவுல கீற சூட்ட அதுங்களால தாண்ட முடியல சார். நாம இந்த வெயில்லயே பொறந்து வளந்தவங்க, நமக்கு இன்னா?"

நண்பகல் விளக்கத்தில் மட்டும், 'அவை சந்திப்பதே இல்லை' என்ற கடைசி வரியை, பழைய பேப்பர்காரன் பழக்கத்தில், இடம் போதவில்லை என்று நான் வெட்டிவிடுகிறேன்.