இரண்டு சாவி அறை

எங்கள் ஸ்டேசனில் ரிலே அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேசன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் வேலை பார்க்கும் என்னிடம். ஒருவர் தனியாக உள்ளே போய்க் கைவைத்தால் இரண்டு ரயில் முட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரர் அதை, "சந்தேகப்பட்டுக்கொண்டே கட்டின கலியாணம்" என்பார்.

உள்ளே இருப்பவற்றுக்கும் அதே குணம்தான். ரிலே என்பது சின்னப் பெட்டி. மின்சாரம் வந்தால் உள்ளே ஒரு தகடு 'டக்' என்று எழும்பும், நின்றால் விழும். தண்டவாளம் காலியா, பாதை பிரியும் இடம் இறுகிப் பூட்டியிருக்கிறதா, எதிர்ப்பக்கம் சிவப்பா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ரிலே பார்க்கும். எல்லாம் எழும்பி 'ஓம்' சொன்னால்தான் பச்சை. ஒன்று பேசாமல் கிடந்தாலும் சிவப்பு. வயர் அறுந்தாலும் சிவப்பு.

இதை நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. அக்கராயனில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களுக்குச் சுவிட்ச் கட்டிப் பழகியவன். தண்டவாளக் கூலியாக வந்து, பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் என் கையால் ஒரு பிழையும் வராவிட்டால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள். மூன்றாவது மாதம்தான் இது நடந்தது.

அன்று ஆயுத பூசை. விடியவே பூசை முடித்து வடையும் தின்றிருந்தோம். கொழும்பு ரயில் வந்து, ஸ்டேசனுக்கு வெளியே உள்ள சிக்னலில் நின்று ஊதியது. மாஸ்டர் தன் அறையிலிருந்த பலகையில் பொத்தானை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். சிவப்பு அசையவில்லை.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"ஒண்டும் செய்யேல்லை சேர். உங்கட சாவியில்லாமல் நான் எப்பிடி உள்ள போறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

எனக்கும் யோசனை இருந்தது. அவருடைய மருமகன் ஒருவன் வேலை தேடித் திரிவது ஊருக்கே தெரியும். என் இடத்தில் அவனைப் போட இவரே எதையாவது தட்டி விட்டாரோ?

பிளாட்போமில் பையோடு நின்ற அம்மா ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். "பச்சை போடுறதுக்குக் கொழும்பில இருந்தோ தம்பி கடிதம் வரவேணும்?"

இரண்டு சாவியும் போட்டு அறையைத் திறந்தோம். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் தேடினேன். எல்லாம் எழும்பி நின்றன, ஒன்றைத் தவிர. அழுத்திய பொத்தான்கள் திரும்ப வெளியே வந்துவிட்டனவா என்று பார்க்கிற ரிலே அது. ஒரு பொத்தான் உள்ளேயே நின்றால், அழுத்துவது மனிதக் கையா பழுதா என்று அதற்குச் சந்தேகம். மற்ற எந்தப் பொத்தானையும் வேலை செய்ய விடாது.

"சேர், ஏதோ ஒரு பொத்தான் அமந்தபடி நிக்குது. பலகை உங்கட அறையிலதானே."

சந்தோசமாகவே சொன்னேன், மறைக்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

"நான் அமத்தேல்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே சேர்."

திரும்பிப் போய்ப் பலகையை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஓரத்தில், யாரும் தொடாத பக்கப் பாதையின் பொத்தான் ஒரு மயிரிழை உள்ளே கிடந்தது. சுற்றிவர மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், நகத்தால் சுரண்டினார், மணந்து பார்த்தார்.

"சந்தனம்."

வீட்டில் மோட்டருக்கு வைக்கிற மாதிரியே, விடிய ஒவ்வொரு பொத்தானுக்கும் பெருவிரலால் பொட்டு வைத்தவன் நான். அவர் அப்போது கற்பூரத் தட்டோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"நான்தான் சேர் வைச்சனான்" என்றேன். மூன்று மாதமும் தண்ணீரில் போனது போலிருந்தது.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஈரத்துணியால் துடைத்தேன். பொத்தான் வெளியே வந்தது. பச்சை விழுந்தது, ரயில் வந்தது, அந்த அம்மா ஏறிப் போனார்.

பிறகு பழுதுப் புத்தகத்தை விரித்து அவர் எழுதினார்: 'பொத்தான் இறுகியிருந்தது. துடைத்துச் சரி செய்யப்பட்டது.'

"ஆர் செய்தது எண்டு எழுதேல்லையோ சேர்?"

"நானும்தானே பக்கத்தில நிண்டனான்." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நீரும் கையெழுத்து வையும். நாளைக்கு நான் மறைச்சுப்போட்டன் எண்டு நீரே சொல்லுவீர்."

வாங்கினேன். கையெழுத்து வைக்குமுன் அந்த இரண்டு வசனத்தையும் மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன்.